பழைய அலமாரியும் ஒரு புதுத் தொழிலும்

பெண் பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி வந்துவிட்டால் நம் வீடுகள் எப்படி மாறிவிடுகின்றன என்பதை நீங்கள் அறியாதவர்களல்லர். கொடியில் தொங்கிய துணிகள் உள்ளறைக்குப் போய்விடும். பக்கத்து வீட்டு நாற்காலிகள் இரண்டு நம் கூடத்துக்கு வந்து சேரும். அலமாரியின் மேல்தட்டில் பல்லாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த பீங்கான் கோப்பைகள் கழுவித் துடைக்கப்படும். பாட்டனார் காலத்துச் சாய்வு நாற்காலி, திண்ணையிலிருந்து கூடத்தின் நடுவுக்குப் பதவி உயர்வு பெறும். அஸருக்குப் பின் வந்தவர்கள் மஃரிபுக்கு முன் விடைபெற்றுச் சென்றதும், இரவல் நாற்காலிகள் வந்த வழியே திரும்பிவிடும்.

இந்த வேலையையே ஒருவர் முழுநேரத் தொழிலாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவர்கள் மணமகன் வீட்டாரல்லர். வீட்டை விலைக்கு வாங்க வருகிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்கும்படி, விற்பனைக்கு நிற்கும் வெறும் வீட்டில் கட்டில், மேசை, நாற்காலி, விரிப்பு, படங்கள் யாவற்றையும் கொண்டுவந்து அமைத்து, வீடு விலைபோனதும் அவற்றைத் திரும்ப ஏற்றிச் செல்கிறார். அமெரிக்காவில் இதற்கு ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்று பெயர். வீட்டை மேடையேற்றுதல் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெயரே நாடகத்திலிருந்து வந்ததுதான். 1972-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரப் பகுதியில் வீடு விற்பனைத் தரகராக இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி, விற்குமுன் வீட்டை இப்படி ஒழுங்குசெய்யும் முறைக்கு நாடக மேடையின் பெயரைச் சூட்டினார். அதனைத் தனித் தொழிலாக வளர்த்தவர் என்ற பெருமையும் அவருக்கே தரப்படுகிறது.

ஆயினும் இத்தொழிலில் எனக்கு அதிக வியப்பளித்தவர் இன்னொருவர். மெரிடித் பேர் என்பது அவர் பெயர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தவர். அவருடைய தந்தையார் கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைச்சாலையில் அதிகாரியாகப் பணியாற்றியவர். ஆகவே பிள்ளைப் பருவம் சிறை வளாகத்திலேயே கழிந்தது. வளர்ந்தபின் நடிகையாகவும் பின்னர்த் திரைக்கதை எழுதுபவராகவும் இருந்தார். ஐம்பதை எட்டியபோது எழுத்து வேலை அருகிவிட்டது. இளையவர்களையே தேடும் துறை அது.

அவர் குடியிருந்ததோ வாடகை வீடு. எழுதாத நேரமெல்லாம் அந்த வீட்டைச் செப்பனிடுவதிலும் தோட்டம் வைப்பதிலும் பழைய சாமான்களைத் தேடிப்பிடித்து வாங்குவதிலும் செலவிட்டார். வீடு அழகாகிவிட்டது. அழகானதும் என்ன நடந்தது? உரிமையாளர் அதனை நல்ல விலைக்கு விற்றுவிட்டார்! 1998-ஆம் ஆண்டு. கைநிறையச் சாமான்களும் ஏராளமான தொட்டிச் செடிகளும் இருந்தன, வைக்கத்தான் இடமில்லை. நண்பர் ஒருவர் கட்டி முடித்து, வாங்க ஆளின்றிப் பூட்டிக் கிடந்த புது வீட்டில் அவற்றைக் கொண்டுபோய் வைத்தார். வைப்பவர் கலைக்கண் உடையவரானபடியால் மூட்டையாகப் போடவில்லை. குடியிருப்பது போலவே அமைத்தார். சில நாள்களிலேயே அந்த வீடு விலைபோய்விட்டது. அடுத்த வீட்டுக்காரர் அழைத்தார். அதற்கடுத்தவரும் அழைத்தார். இன்று அமெரிக்காவில் இத்தொழிலைப் பெருமளவில் நடத்தும் நிறுவனங்களுள் அவருடையதும் ஒன்று. 2013-இல் அவருடைய வேலையைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர் ஒன்றும் அங்கே ஒளிபரப்பாயிற்று.

வைக்க இடமில்லாத பழைய சாமான்களே முதலீடாக அமைந்தன என்பதை, வீட்டுப் பரணைப் பார்த்துப் பெருமூச்சு விடும் சகோதரிகள் கவனிக்க வேண்டுகிறேன்.

வெறும் அறை ஏன் விலைபோவதில்லை?

சாமான்கள் இல்லாத அறை பெரிதாகத் தெரியும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. வெறும் நான்கு சுவர்களைக் காணும் கண்ணுக்கு அளவு பிடிபடுவதில்லை. ஒரு கட்டிலைப் போட்டு, பக்கத்தில் சிறு மேசையையும் வைத்து, அதன் பின்னும் இருவர் நடக்க இடமிருப்பதைக் காட்டினால்தான் ‘இங்கே நாம் படுக்கலாம்’ என்ற எண்ணம் பிறக்கிறது. வெறும் அறையில் கண் குறைகளின்மேலேயே போய் நிற்கும். பேசினால் குரல் எதிரொலிக்கும். அமைக்கப்பட்ட அறையிலோ வாங்க வந்தவர் தம் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள், விருந்தினர் எங்கே அமர்வார்கள் என்று கணக்கிடத் தொடங்கிவிடுகிறார்.

ஆகவே இத்தொழிலில் முதல் வேலை கொண்டுவந்து வைப்பதன்று, எடுத்து அகற்றுவது. ஆட்கள் குடியிருக்கும் வீடாயின், குடும்பப் படங்கள், பரிசுக் கேடயங்கள், மருந்துப் புட்டிகள் யாவும் மறைந்துவிடும். இது பிறர் வீடு என்ற உணர்வு வாங்குபவருக்கு வரக்கூடாதாம். பிறகு திரைச்சீலைகளை விலக்கி வெளிச்சத்துக்கு வழிவிடுகிறார்கள். அறைக்குப் பொருந்தாத பெரிய சோஃபாக்களை நீக்கிச் சிறியவற்றை இடுகிறார்கள். எல்லா அறைகளையும் ஒப்பனை செய்யப் பணமில்லை என்றால் முன்கூடம், முதன்மைப் படுக்கையறை, சமையலறை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இப்படிச் செய்தால் வீடு விரைவில் விலைபோகிறது என்று அந்நாட்டு வீட்டுத் தரகர் சங்கம் தன் உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டு அவ்வப்போது வெளியிடுகிறது. கேட்டவர்களும் விற்பவர்கள், சொன்னவர்களும் விற்பவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதனைப் படிப்பது நலம்.

எல்லா வீடுகளுக்கும் ஒரே கடையின் புதுச் சாமான்களைப் போட்டால் எல்லா வீடுகளும் ஒரே விடுதியின் அறைகளாகத் தோன்றும். பழம்பொருளும் உள்ளூர்க் கலையும் இங்கேதான் வேலைக்கு வருகின்றன. வெள்ளைச் சுவர், கண்ணாடிச் சன்னல், பளபளக்கும் தரை என்று நேற்று முளைத்த வீட்டில், விளிம்பு தேய்ந்த ஒரு பழைய மர மேசையைப் போட்டுப் பாருங்கள். அந்த வீட்டுக்கே வயது வந்துவிடும். அங்கே ஒருவர் காலமானால் அவர் வீட்டுப் பொருள்கள் அனைத்தையும் விலைச்சீட்டு ஒட்டி அந்த வீட்டிலேயே விற்கும் வழக்கம் உண்டு. ஏலங்களும் உண்டு. இத்தொழில் செய்வோர் அங்கெல்லாம் விடியற்காலையிலேயே போய் நிற்பார்கள். ஒருமுறை வாங்கிய நாற்காலி பத்து வீடுகளுக்கு வாடகைக்குப் போய்வருகிறது. கேட்க இலாபமாகத்தான் இருக்கிறது. ஆனால் கிடங்கு வாடகை, வண்டிக் கூலி, ஏற்றி இறக்கும் ஆட்கள், கீறலுக்கும் உடைவுக்கும் காப்பீடு என்று செலவு வரிசையாக நிற்கிறது. வீடு விலைபோகத் தாமதமானால் முதலீடு முழுவதும் பிறர் வீட்டில் முடங்கிக் கிடக்கும். கலைக்கண் மட்டும் இருந்து கணக்குப் புத்தகம் இல்லாதவர் இதில் நிலைக்க முடியாது.

சுவருக்கு ஓவியம் வேண்டும். அச்சடித்த படத்தை மாட்டினால் தெரிந்துவிடும். எனவே அந்த ஊர் ஓவியர், குயவர், நெசவாளர் ஆகியோரிடமிருந்து படைப்புகளை இரவலாகவோ வாடகைக்கோ பெறுகிறார்கள். வீடு பார்க்க வந்தவர் ஓவியத்தையும் சேர்த்துக் கேட்டால் ஓவியருக்கு விற்பனை. நல்ல ஏற்பாடுதான். எனினும், ‘உம் பெயர் நாலு பேருக்குத் தெரியவரும்’ என்று சொல்லி ஒரு காசும் தராமல் வாங்கிப்போகிறவர்களும் எங்கும் இருப்பார்கள். நான்கு மாதம் ஒருவர் வீட்டை அலங்கரித்த பொருளுக்கு நாற்காலியைப் போலவே வாடகை உண்டு என்பதே என் கருத்து. நாற்காலிக்காரரிடம் யாரும் பெயர் தெரியவருமென்று சொல்வதில்லையே!

நம் பரணில் இருப்பவை

இந்தப் பழம்பொருள் நாட்டம் கடல் கடந்த செய்தி மட்டுமன்று. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து பெயர்த்து வந்த நிலைகள், தூண்கள், பத்தாயங்கள், நிலைக்கண்ணாடிகள், எனாமல் பாத்திரங்கள் கடைக்குக் கடை குவிந்திருக்கும். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு அது. வாணிகம் நலிந்து, வாரிசுகள் பெருகி, வீட்டைப் பங்கு பிரிக்க வழியின்றி இடித்தபோது தெருவுக்கு வந்தது. ரங்கூனோடும் பினாங்கோடும் கொழும்போடும் வாணிகம் செய்த நம் கடலோர ஊர்களின் குடும்பங்களிலும் இத்தகைய மரச்சாமான்கள் இருந்தன. சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் அவற்றை எடைபோட்டுத் தள்ளுமுன் சற்று நின்று பாருங்கள்.

பழைமையை எப்படி அறிவது? இழுப்பறையை வெளியே இழுத்து அதன் மூலைப் பொருத்தைப் பாருங்கள். கையால் செதுக்கிய பற்கள் ஒன்றுபோல் இரா. இயந்திரம் வெட்டியவை அச்சுப் பிசகாமல் இருக்கும். முதுகுப் பலகையில் இழைப்புளியோ வாளோ ஓடிய தடம் தெரியும். கை படும் இடத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் அது காலத்தின் வேலை. எல்லா இடமும் ஒரேயளவு தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை. இரும்புத் துருவலைக் காடியில் ஊறவைத்துப் பூசி, புது மரத்தை ஒரே நாளில் கிழமாக்கும் வித்தை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறாண்டு கைபட்டு வந்த நிறத்தைச் சுரண்டி எடுத்துப் பளபளவென்று புது வார்னிஷ் அடித்துவிட்டால் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். மெல்லிய துணியால் தூசி துடைத்து, செல்லரித்த இடத்துக்கு மட்டும் மருந்திட்டால் போதும். பழைய வண்ணப்பூச்சு உரியும் தொட்டிலிலோ கட்டிலிலோ குழந்தைகளைக் கிடத்தாதீர்கள். அக்காலப் பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கும். வீட்டுப் பூச்சுகளில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்கு என்று நம் நாட்டில் கட்டுப்படுத்தியதே 2016-ஆம் ஆண்டு விதிகள்தாம்.

சட்டமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டுக்குக் குறையாத பழைமையுடைய கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கோ எழுபத்தைந்து ஆண்டுகளே போதும். இதை நான் குறிப்பாகச் சொல்லக் காரணமுண்டு. நம் வீட்டு அலமாரிகளில் பழைய அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. அலமாரியை விற்கிறவர்கள் அதனுள்ளே இருக்கும் கட்டுகளைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அலமாரி போனால் போகட்டும். அந்தக் கட்டுகளைப் படிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டாமல் கைவிடாதீர்கள்.

உள்ளூர்க் கலைக்கு நாம் எங்கும் தேடிப்போக வேண்டியதில்லை. உயிருள்ளவற்றின் உருவங்களைச் சுவரில் மாட்ட விரும்பாத நம் இல்லங்களுக்குப் பத்தமடைப் பாயைவிடப் பொருத்தமான அலங்காரம் எது? தாமிரபரணிக் கரையின் கோரையை அறுத்துக் கீறி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, பருத்தி நூலைப் பாவாக்கி நெய்கிறார்கள். நெய்வோர் பெரும்பாலும் நம் சமுதாயக் குடும்பங்களே. அவர்களுள்ளும் பெண்களின் கையே அதிகம். பட்டுப் போல் மடியும் நயமான பாய் நெய்ய வாரக்கணக்கில் ஆகும். புவிசார் குறியீடும் பெற்ற கலை அது. திருமணச் சீரில் ஒன்று வைத்து, மறுநாளே சுருட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம். மெல்லிய மரச்சட்டத்தில் கட்டிச் சுவரில் நிறுத்திப் பாருங்கள்.

குளிப்பாட்டிய ஆடும் மடி கட்டிய ஆடும்

இனி, இத்தொழிலைப் பற்றிப் படித்த நாளிலிருந்து என் மனத்தை உறுத்திய கேள்விக்கு வருகிறேன். இல்லாத வாழ்க்கையை இருப்பதுபோல் காட்டி விற்பது வஞ்சகம் ஆகாதா?

மதரஸாவில் வாணிப அத்தியாயம் ஓதும் பிள்ளைகளுக்கு ‘முஸர்ராத்’ என்ற சொல்லை விளக்க வேண்டிவரும். பாலைக் கறக்காமல் சில நாள் மடியைக் கட்டிவைத்து, பால் நிறைந்த ஆடுபோல் காட்டிச் சந்தையில் விற்பது. இதனை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி வாங்கி ஏமாந்தவர் கறந்து பார்த்தபின் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் ஒரு ஸாஃ பேரீச்சம்பழத்துடன் திருப்பிவிடலாம் என்றும் அறிவித்தார்கள். இதன் சட்ட நுணுக்கத்தில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு, அது வகுப்பறைக்குரியது. நமக்கு வேண்டியது இவ்வளவே. ஆட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவிச் சந்தைக்குக் கொண்டுவருவதை யாரும் தடுக்கவில்லை. பக்ரீத் சந்தையில் நாம் எல்லோரும் அப்படித்தானே நிறுத்துகிறோம்? மடியைக் கட்டுவதுதான் குற்றம்.

வீட்டுக்கும் இந்த அளவுகோல் பொருந்துகிறது. சன்னலைத் திறப்பதும் நல்ல மேசையைப் போடுவதும் குளிப்பாட்டுதல். வெடித்த சுவரின்மேல் ஓவியம் மாட்டுவதும், ஓதம் ஏறிய மூலையில் அலமாரியை நகர்த்திவைப்பதும் மடி கட்டுதல். கலிஃபோர்னியாவில் வீட்டின் தெரிந்த குறைகளை எழுதிக் கொடுக்க வேண்டிய கடமை விற்பவருக்குச் சட்டப்படி உண்டு. ஒப்பனை எவ்வளவு இருந்தாலும் அந்தத் தாள் வாங்குபவர் கைக்கு வந்தாக வேண்டும். இப்போது சாமான்களே இல்லாமல், நிழற்படத்தில் கணினி வழியாகக் கட்டிலும் நாற்காலியும் வரைந்து காட்டும் முறையும் பெருகிவிட்டது. அப்படித் திருத்திய படத்தைத் திருத்தியது என்று அறிவிக்க வேண்டுமென்றும் அம்மாநிலம் 2025-இல் சட்டம் இயற்றியுள்ளது. நம் ஊரிலோ வீடு வாங்குபவர் தாமே சுவரைத் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. மறைப்பானேன்?

வாப்பா மறைந்தபின் எங்கள் பூர்வீக வீட்டை விற்று வாரிசுப் பங்குகளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அறிவில்லாமல் முதலில் சாமான்களை விற்றுத் தீர்த்தோம். ஊஞ்சல், இரண்டு கட்டில்கள், பிரம்பு பின்னிய நாற்காலிகள் ஆறு, எல்லாம் சேர்த்து ஒரு வியாபாரி கொடுத்த தொகை, இன்று ஒரு நல்ல நாற்காலிக்குப் போதாது. வெறும் வீடு ஏழு மாதம் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் ‘இருட்டாக இருக்கிறதே’ என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் போனார்கள். எங்கள் வீட்டில் அத்தனை வெளிச்சம் உண்டென்பதை எப்படி நம்பவைப்பது?

என் ராத்தா ஒருநாள் தம் வீட்டிலிருந்து ஒரு கட்டிலையும் இரு நாற்காலிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். முற்றத்துக் கதவைத் திறந்துவைத்தார்கள். உம்மாவின் பத்தமடைப் பாயைக் கூடத்துச் சுவரில் நிறுத்தினார்கள். அமெரிக்கப் பெண்மணியின் கதை அவர்களுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. விற்காமல் எஞ்சியிருந்தது ஒரே ஓர் அலமாரி. பாட்டனார் ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. வாசலை விட உயரமானதால் வியாபாரி எடுக்கவில்லை. அது பின்னறையில் நின்றது. அதன் பின்னால் சுவரில் ஆளுயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது.

தரகர் அதைப் பார்த்துவிட்டு, ‘அலமாரியை அங்கேயே விடுங்கள் அஜ்ரத், அல்லாஹ்வே வைத்த இடம்’ என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. அன்று மாலையே ஒருவர் வீடு பார்க்க வருவதாக இருந்தது. ஏழு மாதக் காத்திருப்பு. பங்குக்காகக் காத்திருந்த தங்கையின் மகள் திருமணம். நாம் வைக்கவில்லையே, அது தானாகத்தானே அங்கே நின்றது என்று ளுஹர் தொழுகை வரையில் எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை வாசகர்களிடம் ஒப்புக்கொள்கிறேன். முஸர்ராத் பாடத்தை அதே மாதம்தான் நடத்தி முடித்திருந்தேன்.

ராத்தாதான் பக்கத்துக் கடைப் பையன்கள் நால்வரை அழைத்து வந்து, ‘அஸருக்குள் இதை நகர்த்துங்கள்’ என்றார்கள். வந்தவர் ஓதத்தைக் கண்டார். விரலால் அழுத்திப் பார்த்தார். காரணம் கேட்டார், பின்பக்கக் கால்வாயைக் காட்டினோம். ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்டார். அந்த விலைக்கே முடிந்தது. தரகர் அதன்பின் என்னோடு சில மாதம் பேசவில்லை. தங்கையின் பங்கில் குறைந்ததை நாங்கள் இருவரும் ஈடுசெய்தோம்.

அலமாரியின் மேல்முடியைக் கழற்றினால் வாசலைத் தாண்டும் என்று ஒரு முதிய ஆசாரி கண்டுபிடித்துச் சொன்னார். இப்போது அது என் வாடகை வீட்டில் இருக்கிறது, உள்ளே கிதாபுகள். கூரை தாழ்வாக இருப்பதால் முடியை மீண்டும் பொருத்த முடியவில்லை. பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.